சாவகானோ

பிலிப்பைன்ஸில் பேசப்படும், ஸ்பானியத்தை அடிப்படையாகக் கொண்ட கலப்புமொழி. மிந்தனாவோ தீவின் சம்போவாங்கா நகரில் இது அதிகம் வழங்குகிறது. மணிலா விரிகுடாவை ஒட்டிய கவிட்டே, தெர்னாத்தே ஊர்களிலும் வட்டார வழக்குகள் உள்ளன. மணிலாவின் எர்மிட்டா பகுதி வழக்கு மறைந்துவிட்டது. சம்போவாங்காவில் ஸ்பானியர் 1635இல் கோட்டை கட்டத் தொடங்கினர். பல தீவுகளின் மக்கள் அங்கு ஒன்றுகூடிய சூழலில் இம்மொழி வேரூன்றியது.

சொற்களில் பெரும்பாலானவை ஸ்பானியம். ஆனால் வாக்கிய அமைப்பு உள்நாட்டு மொழிகளுடையது. ஸ்பானிய வினைத்திரிபுகள் உதிர்ந்துவிட்டன. சம்போவாங்கா வழக்கின் 'யா கொமே லே பான்' (அவர் ரொட்டி சாப்பிட்டார்) என்பதில் வினை முன்னே வருகிறது. 'யா' இறந்தகாலத்தைக் காட்டுகிறது. நிகழ்காலத்துக்கு 'தா', எதிர்காலத்துக்கு 'ஆய்'. இவ்வழக்கின் பன்மைப் பிரதிப்பெயர்கள் பல உள்நாட்டு விசயன் மொழிகளிலிருந்து வந்தவை: 'காமே', 'கிதா' இரண்டும் தமிழின் 'நாங்கள்', 'நாம்' போலப் பிரிந்து நிற்கின்றன. ஸ்பானியத்தில் இந்த வேறுபாடே இல்லை. 'சாவகானோ' என்னும் ஸ்பானியச் சொல்லுக்கு நயமற்றது என்று பொருள். இத்தனை ஒழுங்குள்ள மொழிக்கு அது சற்றும் பொருந்தாத பெயர்.