பொடி வைத்து ஊதிய கதை

"அவர் ஏதோ பொடி வைத்துப் பேசுகிறார்" என்று சொல்கிறோம் இல்லையா? அது மூக்குப்பொடி இல்லை. பொற்கொல்லர் பட்டறையிலிருந்து வந்த பேச்சு என்பார்கள். நகையில் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும்போது, இணைப்பில் பற்றாசுப் பொடியும் வெண்காரமும் வைத்து, ஊதுகுழலால் தீயை ஊதுவார்கள். வெண்காரம் இல்லையென்றால் எவ்வளவு ஊதினாலும் பற்றாது.

உங்கள் கையிலிருக்கும் செல்போனுக்குள்ளும் இதே கதைதான். வெண்காரத்துக்குப் பதில் அங்கே ஃப்ளக்ஸ். அவ்வளவுதான் வித்தியாசம்.

ஃப்ளக்ஸ் எதற்கு? உலோகத்தின் மேல் ஆக்சைடு என்ற மெல்லிய படலம் எப்போதும் இருக்கும், சூடேற்றினால் இன்னும் வேகமாகப் படியும். உருகிய சால்டர் அதன் மேல் ஒட்டாமல் தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருளும். ஃப்ளக்ஸ் அந்தப் படலத்தைக் கரைத்து, வேலை முடியும்வரை காற்று படாமல் மூடி வைக்கிறது.

நம்ம ஊரில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் செய்ததும் இதுதான். பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை வரும். சூட்டில் நவச்சாரம் பிரிந்து அமோனியாவும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிவரும். அமிலம் அழுக்கை எடுத்ததும், துணியால் தேய்த்த தேய்ப்பில் ஈயம் பளபளவென்று பரவும். இந்த ஈயம் வெள்ளீயம். சால்டரில் அதோடு சேர்வது காரீயம். ரோமானியர்களும் இவற்றை வெள்ளை ஈயம், கறுப்பு ஈயம் என்றே அழைத்தார்கள். இரண்டு பங்கு கறுப்பும் ஒரு பங்கு வெள்ளையும் கலந்து குழாய்களைப் பற்றவைத்ததை முதல் நூற்றாண்டிலேயே பிளினி எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் நவச்சாரத்தை ரேடியோவுக்குள் போட முடியாது. பாத்திரத்தைக் கழுவிவிடலாம், ரேடியோவைக் கழுவ முடியுமா? மிச்சமிருக்கும் குளோரைடு ஈரத்தோடு சேர்ந்து செம்புக் கம்பியை அரித்துவிடும். அதனால் வந்தது ரோசின், அதாவது பைன் மரப்பாலைக் காய்ச்சி டர்பென்டைனைப் பிரித்த பின் நிற்கும் மஞ்சள் கட்டி. சூட்டில் உருகி அமிலமாக வேலை செய்யும், ஆறியதும் கண்ணாடி போல உறைந்து சும்மா இருக்கும். இமாசலப் பிரதேசத்தின் பைன் காடுகளில் எடுத்த பால், நாஹன், பிலாஸ்பூர் ஊர்களின் அரசு ஆலைகளில் ரோசினானது.

1948-ல் பெங்களூர் தூரவாணி நகரில் ஐ.டி.ஐ., 1954-ல் பி.இ.எல். தமிழ்க் குடும்பங்கள் பல இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது இப்படிப்பட்ட வேலைகளைத் தேடித்தான். சால்டரிங் மேஜையில் வரும் புகை ஈயப் புகை என்று பலரும் நினைப்பதுண்டு. அந்தச் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகமிகக் குறைவு. கண்ணுக்குத் தெரிவது ஃப்ளக்ஸ் புகை. ரோசின் புகையை நாள்தோறும் சுவாசிப்பவர்களுக்கு ஆஸ்துமா வருவதை 1970களில் பிரிட்டிஷ் மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதினார்கள். ஈயம் உடம்புக்குள் போவது பெரும்பாலும் கழுவாத விரல் வழியாக, சாப்பாட்டோடு.

பிறகு பாகங்கள் சிறுத்தன. காலை ஓட்டையில் நுழைத்துப் பற்றவைப்பது போய், போர்டின் மேலேயே உட்காரவைக்கும் முறை 1980களில் பரவியது. இதற்குத்தான் சால்டர் பேஸ்ட். பொடியாக்கிய சால்டரை ஃப்ளக்ஸில் குழைத்த களிம்பு இது. எடையில் சுமார் 90 சதவீதம் உலோகம், கன அளவில் பாதி ஃப்ளக்ஸ். கோலப் பொடிக்கு ஓட்டைத் தகடு வைத்துத் தேய்ப்போமே, அதேபோல ஸ்டென்சில் வைத்துப் பூசி, பாகங்களை அடுக்கி, அடுப்பில் அனுப்புவார்கள். சற்றே கோணலாக உட்கார்ந்த பாகத்தையும் உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை நேராக்கிவிடும். பொடியும் நகர்ந்துபோய் ஊதுகுழலும் போய்விட்டது, ஆனால் சூத்திரம் மாறவில்லை!

மிச்சத்தைக் கழுவுவதில்தான் பெரிய சிக்கல். அதற்குப் பல ஆண்டுகள் சி.எஃப்.சி.-113 என்ற கரைப்பான் பயன்பட்டது. தீப்பிடிக்காது, நாறாது, நொடியில் காயும். ஆனால் அது ஓசோனைத் தின்றது. 1974-ல் மொலினாவும் ரோலண்டும் இந்த வகை வாயுக்களைப் பற்றி எச்சரித்தார்கள். 1985-ல் அண்டார்டிகாவில் ஓசோன் ஓட்டை பற்றிய செய்தி வந்தது. 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம். மாற்றாக ஆரஞ்சுத் தோலில் கிடைக்கும் டெர்பீனால் கழுவிப் பார்த்தார்கள். கடைசியில், கழுவவே வேண்டாத "நோ கிளீன்" ஃப்ளக்ஸ் பரவலானது.

அடுத்த முறை காரீயத்துக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஹெச்எஸ் விதி 2006 ஜூலை 1 முதல் அதைத் தடுத்தது. இந்தியாவிலும் 2011 மின்கழிவு விதிகள் காரீயத்துக்கு வரம்பு வைத்தன. 63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு காரீயம் சேர்ந்த பழைய சால்டர் 183 டிகிரியில் உருகும். வெள்ளீயத்தோடு 3 சதவீத வெள்ளி, 0.5 சதவீத செம்பு சேர்ந்த புதியதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். சூடு கூடியதால் ஃப்ளக்ஸையும் புதிதாக வடிவமைக்க வேண்டியிருந்தது. காரீயம் கலக்காத வெள்ளீயப் பூச்சில் தானாக மயிரிழை முளைக்கும் தொல்லை வேறு. 1998-ல் கேலக்ஸி-4 செயற்கைக்கோள் செயலிழந்தபோது அமெரிக்காவில் பெரும்பாலான பேஜர்கள் ஊமையாயின. காரணமாகச் சொல்லப்பட்டது இந்த மயிரிழை.

இந்தக் கதை முழுவதிலும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: வேலை முடிந்தபின் மிச்சம் யார் தலையில்? கம்பியின் மேல், தொழிலாளியின் நுரையீரலில், ஓசோனில். விதி வருவதற்கு முன் செய்த போர்டுகளின் காரீயம் இன்னும் போய்விடவில்லை. தில்லி சீலம்பூர் போன்ற இடங்களில் பழைய போர்டுகளைத் தீயில் வாட்டிப் பாகம் பிரித்தவர்களின் மூச்சிலும் கையிலும் அது போய்ச் சேர்ந்தது.

வீட்டில் பிள்ளைகள் சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்கிறார்களா? தாராளமாக எடுக்கட்டும். ஜன்னலைத் திறந்து, புகையை வெளியே தள்ளும்படி சின்ன மின்விசிறி வையுங்கள். பிளம்பர் கடை அமில ஃப்ளக்ஸ் போர்டுக்கு ஆகாது. பேஸ்ட் டப்பா ஃப்ரிட்ஜிலிருந்து வந்தால் அறைச் சூட்டுக்கு வந்தபின் திறக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஈரம் சேர்ந்து தெறிக்கும். அந்த ஃப்ரிட்ஜ் சாப்பாட்டு ஃப்ரிட்ஜாக இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள். பழைய போர்டைக் குப்பையில் போடாமல், மின்கழிவு வாங்கும் பதிவு பெற்ற இடத்தில் சேர்த்துவிடுங்கள்.