நரகத்தின் வழியே ஒரு பந்தயம்

பாரிஸிலிருந்து வடக்கே ரூபே நகருக்கு 1896-ல் தொடங்கிய சைக்கிள் பந்தயத்துக்கு 'வடக்கின் நரகம்' என்று ஒரு பெயர் உண்டு. கருங்கல் பாவிய சாலையில் உடம்பு குலுங்கி நொந்துபோவதால் வந்த பெயர் என்றுதான் நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மை வேறு.

முதல் உலக யுத்தத்தால் நின்றுபோன பந்தயத்தை 1919-ல் மீண்டும் நடத்துவதற்காகப் பாதையைப் பார்க்கப் போனார்கள். மரமில்லை, வீடில்லை, குண்டு தோண்டிய பள்ளங்களும் கல்லறைச் சிலுவைகளுமே மிச்சம். நரகமென்று பத்திரிகை எழுதிற்று. அவ்வாண்டு வென்ற ஹென்றி பெலிஸியேவுக்கே ரூபே போய்ச் சேரப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

இன்றைய பந்தயப் பாதையில் ஓர்ஷி என்று ஒரு சிற்றூர். 1914 செப்டம்பரில் ஜெர்மானியப் படை தீயிட்டுக் கொளுத்திய ஊர் அது. அவ்வூரின் பிழைப்பு எது தெரியுமா? நாம் காப்பியில் கலக்கிறோமே, அந்தச் சிக்கரிதான்! சமவெளி வயல்களில் விளைந்த வேரை நறுக்கி, உலர்த்தி, வறுத்து அரைப்பார்கள். நெப்போலியன் காலத்தில் கடல் வழி அடைபட்டுக் காப்பிக்கொட்டை அரிதானபோது பிரான்ஸில் பரவிய பழக்கம் அது. சாம்பலான ஓர்ஷி மறுபடி எழுந்து நின்றது. மறுபடி சிக்கரி வறுத்தது.

நரகமென்ற பெயர் நிலைத்துவிட்டது. ஊர்க்காரர்கள்தாம் அங்கே நரகத்தை நிலைக்க விடவில்லை.