அயல்நாட்டு உயர்கல்வியும் அண்ணல் காட்டிய வழியும்

மேனாட்டுப் பல்கலைக்கழகப் படிப்பு செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்னும் எண்ணம் நம்மவரிடையே இன்னும் நிலவுகிறது. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

1913-ஆம் ஆண்டில் அண்ணல் அம்பேத்கர், பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாடின் உதவித்தொகையால் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாதம் 11½ ஸ்டெர்லிங் பவுன், மூன்றாண்டுக் காலம். பின்னர் பத்தாண்டுகள் சமஸ்தானப் பணி என்பது ஒப்பந்தம். 1915-இல் எம்.ஏ. பட்டம் பெற்று, 1916-இல் இலண்டன் பொருளாதாரப் பள்ளியில் சேர்ந்தார். உதவிக்காலம் முடிவுற்றதால் 1917-இல் படிப்பை இடையில் நிறுத்தித் தாயகம் திரும்ப நேர்ந்தது. எனினும், நான்காண்டுகளுக்குள் மீண்டு வந்து தொடரப் பல்கலைக்கழகத்தின் அனுமதியைப் பெற்ற பின்னரே கப்பலேறினார்.

பரோடாவில் பதவி கிடைத்தது. சாதியின் பெயரால் தங்க இடம் கிடைக்கவில்லை. அண்ணல் சோர்ந்தாரல்லர். பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகி ஊதியத்தில் மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகராஜும் உதவினார். 1920-இல் இலண்டன் திரும்பி, 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றார்.

அன்று ஒரு மன்னரின் மனத்தைப் பொறுத்திருந்த உதவி, 1954-55 முதல் மத்திய அரசின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகைத் திட்டமாக நடைபெறுகிறது. அரூர் வட்டாரத்து இளைஞர்களே! நாம் கூற விரும்புவது ஒன்றே. தகுதி மட்டும் போதாது. சேர்க்கை, பணம், காலக்கெடு ஆகிய மூன்றையும் முன்கூட்டியே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள். திறந்த கதவு அடைபடாமல் காத்தவரே நம் அண்ணல்.