மேசைமேல் நிற்கும் காலாட்படை

தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். இவற்றுள் காலாளே தொகையில் மிகுந்தவன்; வரலாற்றில் பெயர் குறைந்தவனும் அவனே. நடுகற்கள் சிலர் பெயரைக் காத்தன. எஞ்சியோர் பெயர் மண்ணோடு போயிற்று.

அம்மனிதனைத் தேடும் வழிகளுள் ஒன்று பொம்மை வீரரைத் திரட்டுதல் என்றால் சிலர் நகைப்பர். ஆயினும் மேனாட்டில் இது பல்லாண்டு வழக்கம். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் பொம்மைப் போருக்கு விதி வகுத்து 1913-இல் நூல் வெளியிட்டார். மெய்ப்போரினும் பொம்மைப் போரே மேல் என்பது அவர் கருத்து. மறு ஆண்டே உலகப் போர் மூண்டது! பின்னர், பண்டைக்காலப் போர்களில் நாட்டங்கொண்டோருக்கென 1965-இல் இங்கிலாந்தில் டோனி பாத் என்பார் 'சொசைட்டி ஆஃப் ஏன்ஷியன்ட்ஸ்' என்னும் கழகத்தைத் தோற்றுவித்தார்.

இவர்கள் திரட்டும் பொம்மைகள் விரலளவே. 15 அல்லது 28 மில்லிமீட்டர் உயரமுடையவை பெருவழக்கு. ஆனால் அவற்றுக்கு வண்ணம் தீட்டப் புகுவோன் பல வினாக்களுக்கு விடை காணவேண்டும். கேடயம் வட்டமா, நீள்வட்டமா? வேலின் நீளம் என்ன? எத்தனை வரிசை ஆழத்தில் நின்றனர்?

மாசிடோனியக் காலாட்படையை எடுத்துக்கொள்வோம். அதன் அணி பொதுவாக 16 வரிசை ஆழமுடையது. முதல் ஐந்து வரிசையினரின் நெடுவேல்களும் அணிக்கு முன்னே நீண்டு நின்றன என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ். நேர்நின்று அவ்வணியை வெல்லுதல் அரிது. எனினும் கி.மு. 197-இல் கினோசெபாலே மேட்டு நிலத்தில் அது சிதைந்தது. உரோமத் தலைவன் ஒருவன் 20 சிறு பிரிவுகளுடன் பின்புறம் தாக்கினான். நெடுவேல் ஏந்தியோர் திரும்ப இயலாது மடிந்தனர். பொம்மைகளை அவ்வாறே நெருக்கி நிறுத்திப் பார்ப்போர்க்கு இத்தோல்வியின் காரணம் கண்ணெதிரே விளங்கும்.

ஆயினும் ஒரு குறை உண்டு. பெருவழக்குப் பெற்ற ஆங்கில விதிநூல் ஒன்றில் ஒரு பொம்மை 20 வீரருக்கு நிகர். 256 பேர் கொண்ட மாசிடோனியப் பிரிவு 13 பொம்மைகளில் அடங்கிவிடும். ஒருவன் நிற்கிறான், பத்தொன்பதின்மர் மறைகின்றனர்.

இதற்கு மாறான காட்சி எகிப்தில் உண்டு. ஏறத்தாழ கி.மு. 2000-இல் வாழ்ந்த மெசேத்தி என்னும் ஆட்சித் தலைவனின் கல்லறை அசியூத் நகரில் உள்ளது. அங்கே மரத்தாற் செய்த இரு படைப்பிரிவுகள் கிடைத்தன: எகிப்திய வேல்வீரர் 40 பேர், நூபிய வில்வீரர் 40 பேர். மறுமையிலும் தலைவனைக் காக்கவே அவை வைக்கப்பட்டன. ஆயினும் அத்தச்சன் எல்லோரையும் ஒரே அச்சில் வார்க்கவில்லை. ஒருவன் நெடியன், மற்றொருவன் குறியன்; மாட்டுத்தோல் கேடயங்களின் புள்ளிகளும் வெவ்வேறு. நாற்பதின்மரும் நாற்பது மனிதர்.

வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்க்கு இஃதோர் அரிய பாடம். 'பதினாயிரவர் மடிந்தனர்' எனப் படிக்கும் மாணவன் அதை வெறும் எண்ணாகவே கொள்கிறான். ஒரு காலாளின் கேடயத்துக்குத் தன் கையால் வண்ணம் தீட்டிய மாணவனோ, அவ்வெண்ணுக்குள் நின்றவன் யாவன் எனக் கேட்பான். அக்கேள்வி எழுந்தால், பொம்மை தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.