தங்க நானோதுகள் உணரிகள்

சில பத்து நானோமீட்டர் அளவுள்ள தங்கத் துகள்களின் நிறத்தைக் கொண்டு ஹார்மோன், கிருமிப் புரதம், நச்சுப்பொருள் முதலியவற்றைக் கண்டறியும் கருவிகள். மருந்துக் கடையில் கிடைக்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டிலும் கோவிட் விரைவுச் சோதனை அட்டையிலும் தோன்றும் செந்நிறக் கோடு பெரும்பாலும் தங்கத்தால் ஆனதே. நானோ ஆய்வின் பயன்களில் இவ்வளவு மலிவாக வீடுவரை வந்து சேர்ந்தவை மிகச் சிலவே.

கட்டித் தங்கம் மஞ்சள். அதுவே 20 நானோமீட்டர் துகளாகி நீரில் மிதக்கும்போது, அதன் எலக்ட்ரான்கள் ஒளியலையோடு சேர்ந்து ஊசலாடி, 520 நானோமீட்டரை ஒட்டிய பச்சை ஒளியை விழுங்குகின்றன. நீர் சிவப்பாகத் தெரிகிறது. கண்ணுக்குப் புலப்படாத தங்கத் துகள்களே இந்நிறத்துக்குக் காரணம் என்று மைக்கேல் ஃபாரடே 1857இல் லண்டனில் எடுத்துரைத்தார். அப்போது எலக்ட்ரான் என்ற சொல்லே பிறக்கவில்லை என்பதை நினைத்தால் அந்த ஊகத்தின் கூர்மை வியக்க வைக்கிறது. அவர் தயாரித்த கரைசல்கள் சில ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் உள்ளன. இந்நிறத்துக்கான கணித விளக்கம் 1908இல் குஸ்தாவ் மீயிடமிருந்து வந்தது. கொதிக்கும் தங்க உப்புக் கரைசலில் சோடியம் சிட்ரேட் சேர்த்துத் துகள் எடுக்கும் எளிய முறையை டர்க்கெவிச் குழு 1951இல் விரிவாக ஆராய்ந்தது. ஆய்வகங்கள் இன்றும் அதைக் கையாள்கின்றன.

கர்ப்பப் பரிசோதனைப் பட்டையில் விடும் சிறுநீர், காய்ந்த நிலையிலுள்ள தங்கத் துகள்களை நனைத்துச் சுமந்துகொண்டு நைட்ரோசெல்லுலோஸ் தாளில் ஊர்கிறது. துகள்மேல் ஒட்டியிருக்கும் எதிர்ப்புரதம், கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோனைப் பற்றுகிறது. சோதனைக் கோட்டில் காத்திருக்கும் மற்றோர் எதிர்ப்புரதம் அதே ஹார்மோனை மறுபுறம் பிடிக்க, துகள்கள் அங்கேயே சேர்ந்து கோடு சிவக்கிறது. ஹார்மோன் இல்லையெனில் துகள்கள் சோதனைக் கோட்டைக் கடந்து, பட்டை சரியாக இயங்கியதைக் காட்டும் கட்டுப்பாட்டுக் கோட்டில் மட்டும் தங்கும். ஹார்மோன் அளவுக்கு மீறி இருந்தாலும் சிக்கலே: துகளும் கோடும் தனித்தனி மூலக்கூறுகளால் நிரம்பிவிட, இடையே பாலம் அமையாமல் கோடு மங்கும். மங்கிய கோட்டை வைத்து அவசரப்பட்டு முடிவுகட்டாமல் மருத்துவரை அணுகுவது இதனாலேயே முக்கியம்.

துகள்கள் ஒன்றையொன்று நெருங்கினால் சிவப்பு நீலமாக மாறும். இப்பண்பைக் கொண்டு டிஎன்ஏ வரிசையைக் கண்டறியலாம் என மிர்கின் குழு 1996இல் காட்டியது. 2008இல் சீனாவில் பால்மாவில் மெலமைன் கலந்து குழந்தைகள் பாதிக்கப்பட்ட பின், அந்த வேதிப்பொருளைப் பாலில் கண்டறியவும் இதே நிறமாற்றம் உதவியது.

வெறும் கண்ணால் பார்க்கும் கோடு உண்டு, இல்லை என்பதற்கு மேல் அதிகம் சொல்லாது. கிருமி குறைவாக இருக்கும் நோய்த்தொற்றின் தொடக்க நாட்களில் தவறவும் விடும். தங்கத்தின்மேல் வெள்ளியைப் படியவைத்துக் கோட்டைக் கருமையாக்குவது இதற்கான தீர்வுகளுள் ஒன்று.