மொட்டை கோபுரமும் வெளுக்கும் கலரும்

ஸ்ரீரங்கம் தெற்கு ராஜகோபுரம் நானூறு வருஷத்துக்கு மேல அடிப்பகுதியோட நின்னு போய், ஊர்க்காரங்க வாயில 'மொட்டை கோபுரம்'னு பேர் வாங்கினது. 13 நிலை, 236 அடின்னு முழுசா எழும்பி, 1987 மார்ச் 25-ல கும்பாபிஷேகம் ஆச்சு. அன்னிக்கு எடுத்த கலர் போட்டோக்கள் திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பல வீட்டு பீரோவுல இன்னும் இருக்கும். இப்ப அதுங்களோட நிறம் எப்படி இருக்கு?

அதே ஊரை 1858-லயே படம் பிடிச்சவர் லின்னேயஸ் ட்ரைப். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் கேப்டன், சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரர். மலைக்கோட்டையையும் ஸ்ரீரங்கம் கோயிலையும் பெரும்பாலும் மெழுகு தடவிய காகித நெகட்டிவ்ல எடுத்தார். 165 வருஷம் தாண்டியும் அந்தப் பிரிண்ட்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்துல தெளிவா இருக்கு.

தாத்தா காலத்துப் படம் நிக்குது, நம்ம காலத்துப் படம் வெளுக்குது. ஏன்?

கறுப்பு வெள்ளைப் படத்தில் உருவம் வெள்ளித் துகள்களால் ஆனது. ட்ரைப் அதுக்கு மேல தங்கக் கரைசல்ல டோன் வேற பண்ணினார். கலர் பிரிண்ட்லயும் முதல்ல வெள்ளிதான் உருவத்தைப் பிடிக்கும். ஆனா கழுவும்போது வெள்ளியை முழுசா எடுத்துடுவாங்க. மிஞ்சறது சயான், மெஜந்தா, மஞ்சள்னு மூணு சாயம் மட்டும்தான். சாயம்னா வெளுக்கும், நம்ம வேட்டிக் கரை மாதிரி.

மூணும் ஒரே வேகத்துல வெளுத்தாக்கூடப் பரவாயில்லை. 70-கள்ல வந்த தாள்ல, இருட்டுல வச்சிருந்தாலும் சயான் முதல்ல போயிடும், படம் செக்கச்செவேல்னு ஆகும். 80-களின் நடுவுல தாள் தேறிச்சு. ஆனாலும் வெளிச்சத்துல மாட்டி வச்சா ஆபத்துதான்.

அமெரிக்கரான ஹென்றி வில்ஹெல்ம் இதைப் பல வருஷம் சோதிச்சு 1993-ல பெரிய புத்தகமே போட்டார். இருட்டுல வைக்கிற படத்துக்கு ஏறக்குறைய ஒரு கணக்கு உண்டு: வெப்பம் 5, 6 டிகிரி செல்சியஸ் கூடினா ஆயுள் பாதி. அப்படின்னா குளுகுளு நூலகம் எங்கே, நம்ம திருச்சி மே மாசம் எங்கே! மொட்டை மாடிக்குக் கீழே இருக்கற பரண்தான் போட்டோவுக்கு எமன்.

அதனால ஆல்பத்தைக் கீழ்த்தட்டுல வைங்க, நெகட்டிவைத் தூக்கிப் போடாதீங்க, சீக்கிரம் ஸ்கேன் பண்ணுங்க. சாயம் கொஞ்சமாவது மிச்சம் இருந்தா மென்பொருள்ல நிறத்தை மீட்டுடலாம். சுத்தமா போயிட்டா எந்த மென்பொருளும் ஊகிக்கத்தான் முடியும்.

கோபுரத்துக்குக் கும்பாபிஷேகத்துக்குக் கும்பாபிஷேகம் புது வர்ணம் அடிச்சுடறோம். 1987 போட்டோவுக்கு அந்த வசதி கிடையாது.