கண் குறைபாட்டுச் சொற்கள்: மூன்று நோக்குகள்

முன்னுரை

சிங்கப்பூரின் முதல் துணைநகரமாகிய குவீன்ஸ்டவுன், இரண்டாம் எலிசபெத் அரசியாரின் 1953ஆம் ஆண்டு முடிசூட்டு விழாவை நினைவூட்டும் பெயரைத் தாங்கியது. இத்தகைய குடியிருப்புப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்குக் கண் குறைபாடு அன்றாடச் செய்தியாகும். சிங்கப்பூர்ச் சிறுவரிடையே கிட்டப்பார்வை மிகுதியாக இருந்தமையால் 2001ஆம் ஆண்டு தேசிய அளவில் தடுப்புத் திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. சோதனை முடிவு ஆங்கிலத்தில் கூறப்பட்டாலும், அதனைப் பாட்டிக்கு எடுத்துரைக்கத் தமிழ்ச் சொல் தேவைப்படுகின்றது. அச்சொற்கள் யாருடைய நோக்கிலிருந்து பிறந்தன என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது.

நோயுற்றவர் நோக்கு

தமிழ் வழக்கிலுள்ள சில சொற்கள் குறையுற்றவரின் அனுபவத்தையே பெயராக்கியுள்ளன. மாலை மங்கியதும் பார்வை குன்றுவது மாலைக்கண். அகவை முதிர்கையில் அருகிலுள்ள எழுத்து வெளிறித் தோன்றுவது வெள்ளெழுத்து. இதே குறையைச் சுட்டும் சாளேசரம் என்னும் சொல், உருது, இந்தி ஆகிய மொழிகளில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்பதிலிருந்து வந்தது. கண்ணின் வில்லை நெகிழ்ச்சி குன்றி, அக்குறை வெளிப்படத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த அகவையிலேயே ஆகும். காலம், தோற்றம், அகவை ஆகியவற்றைச் சுட்டும் இச்சொற்களில் இழிவுக் குறிப்பு சிறிதும் இல்லை.

பிறர் நோக்கு

இரு கண்களும் ஒரே திசையில் நோக்காத நிலைக்கு வழங்கும் சொற்கள் இவற்றினின்றும் வேறுபடுகின்றன. மாறுகண், வாக்குக்கண், ஒன்றரைக்கண் ஆகிய மூன்றும் எதிரே நிற்பவர் காண்பதையே கூறுகின்றன. குழந்தைக்கு என்ன தெரிகின்றது என்பது இவற்றுள் இடம்பெறவில்லை. இவற்றுள் ஒன்றரைக்கண் என்பது வெளிப்படையான ஏளனம். ஒருவரின் உடற்குறையைப் பிறர் நோக்கில் வகைப்படுத்தும் மரபு பழமையானதே. புறநானூற்றின் 28ஆம் பாடல் எண்ணும் எட்டு வகைக் குறைகளுள், பார்வையின்மையைக் குறிக்கும் 'சிதடு' முதலில் நிற்கின்றது.

மாறுகண் தோற்றமாக மட்டுமே எண்ணப்பட்டதன் விளைவு சிறிதன்று. அதனை அதிர்ஷ்டத்தின் அடையாளமாகக் கொள்ளும் நம்பிக்கையும் நம்மவரிடையே உண்டு. ஆயின், இரு கண்களும் இருவேறு காட்சிகளை அனுப்புகையில், வளரும் குழந்தையின் மூளை ஒன்றனை ஒதுக்கிவிடக்கூடும். நாளடைவில் அக்கண்ணின் பார்வைத் திறனே குன்றும். கண்ணாடி, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மறைத்தல், தேவைப்படின் அறுவை ஆகியவை இளமையிலேயே மேற்கொள்ளப்படின் பயன் மிகுதி. எனவே, 'அது அழகுக் குறைதானே' என்று காலந்தாழ்த்துவது பார்வையையே இழக்கச் செய்யலாம்.

மருத்துவர் நோக்கு

சித்த மருத்துவ மரபு கண்ணோய்களைத் தொண்ணூற்றாறாக வகுத்தது. 'நயனவிதி' என்னும் பெயரிலேயே நூல்கள் வழங்குகின்றன. மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த முன்னோடி, அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் (1822–1884) ஆவார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அவர், மானிப்பாயில் மாணவர்க்கு மருத்துவம் பயிற்றினார். 1864 முதல் தமிழையே பயிற்று மொழியாக்கினார். 'இரண வைத்தியம்' முதலிய நூல்களை வெளியிட்டார். கலைச்சொல்லாக்கத்தில் முதலில் தமிழ்ச் சொல்லையும், அது கிட்டாவிடின் வடசொல்லையும், இறுதியில் ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் நாடியமை அவருடைய நெறியாகும். வழக்குச் சொல்லுக்கு மருத்துவப் பொருளேற்றும் வழியை இந்நெறி காட்டுகின்றது.

இன்றைய சிக்கல்கள்

இன்று இரு குழப்பங்கள் கருதத்தக்கன. முதலாவது, கிட்டப்பார்வை என்பது அருகில் மட்டும் தெளிவாகத் தெரியும் நிலை. அதனுடன் 'குறைபாடு' என்பதைச் சேர்த்துக் 'கிட்டப்பார்வைக் குறைபாடு' என்று எழுதும்போது, அருகிலுள்ளது தெரியாத குறை என்று நேர்மாறாகவும் பொருள்படுகின்றது. தூரப்பார்வைக்கும் இதே நிலையே. இரண்டாவது, ஒதுக்கப்பட்ட கண்ணைச் 'சோம்பேறிக் கண்' என்பது ஆங்கில வழக்கின் நேர்பெயர்ப்பு. மூளையின் செயலால் நேர்ந்ததைக் குழந்தையின் குணக்குறையாக அது ஒலிக்கச் செய்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால், ஒரு சொல் யார் நோக்கில் எழுந்ததோ அவர் அக்கறையையே அது சுமந்து நிற்கின்றது என்பது புலனாகும். மாறுகண் என்னும் சொல்லை விலக்க வேண்டுவதில்லை. அது மருத்துவம் நாட வேண்டிய நிலை என்னும் பொருளைப் பாடநூலும் வகுப்பறையும் அதற்கு ஏற்ற வேண்டும். ஒன்றரைக்கண், சோம்பேறிக் கண் ஆகியவை மாணவரைச் சுட்டும் சொற்களாக வழங்காதிருத்தல் நன்று. கிட்டப்பார்வையைக் கற்பிக்கும் ஆசிரியர், 'அருகே தெரியும், தொலைவு தெரியாது' என்று ஒருமுறை விளக்கிவிடின், அம்மாணவர் வழியே அவ்விளக்கம் வீட்டிலுள்ள பாட்டியையும் சென்றடையும்.